அத்தைக்கு நான் போட்ட ஊசி

அத்தை,

நேற்று செவிலிமேட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கில் எனக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். சீட்டில் எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இது சுகரோட சேர்த்து பிரஷரையும் கொஞ்சம் இறக்கும்மா. படுத்து எழுந்திருக்கிறப்ப மட்டும் டக்குனு எழுந்திரிக்காதீங்க" என்றாள்.

பிரஷர் பார்க்க என் கையில் கட்டியிருந்த பட்டையிலிருந்து அப்போது காற்று உஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் அவள் சொன்னதும் சேர்ந்து காதில் விழுந்ததும் நான் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கூட வந்திருந்த உங்கள் பேரன், "இன்னாமா, தலை சுத்துதா?" என்று தோளைப் பிடித்தான். தலை சுற்றவில்லை. பயந்துபோயிருந்தேன். நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்த நிமிஷம் நீங்கள் எங்கோ கட்டிலைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருப்பது போலவும், நான் ஓடிவந்து பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அந்தப் பெண் அத்தனை சாதாரணமாகச் சொன்ன அந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது நம்மிடம் சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் அந்த நாலு மாதம் பட்ட பாட்டைப் பட்டிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க உங்களோடுதான் மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். பேசி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். எனக்கு இருபத்தொரு வயது. மாமா காலமான பிறகு வந்தவாசிப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நீங்கள் மகனோடு காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தீர்கள். அவருக்குச் செங்கல்பட்டுக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. காலை ரயிலுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நீங்களும் நானும்தான். எதிரிலும் பக்கத்திலும் தறி போட்ட வீடுகள். அந்தச் சத்தம் நின்றால்தான் என்னவோ போல இருக்கும்.

உங்களைப் பார்த்து எனக்கு முதலில் பயம்தான். நல்ல உயரம். நடையில் ஒரு அளவு இருக்கும். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்தே நடந்து பழகிய நடை அது. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். வடிகட்டாத தண்ணீர் நாக்கில் படக் கூடாது. என் பிறந்த வீடும் ஜைன வீடுதான், எங்களுக்கும் இதெல்லாம் உண்டு. ஆனால் எங்கள் அம்மா சில சமயம் கண்டும் காணாமல் விடுவாள். நீங்கள் விட்டதில்லை.

உங்களுக்குச் சர்க்கரை வந்து அப்போதே பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் வந்த இரண்டாவது மாதம், உங்கள் கால் கட்டைவிரலில் முள் ஏறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் காட்டின பிறகுதான் நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "எனக்குத் தெரியலையே" என்றீர்கள். கால் மரத்துப்போயிருந்தது. அது காலோடு நிற்கவில்லை என்பது நமக்கு அப்போது தெரியாது.

மாத்திரை கேட்காமல் போன பிறகு டாக்டர் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார். தினம் காலையில் போட வேண்டும், யார் போடுவது? உங்கள் மகன் ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து வாசலுக்குப் போய்விட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், மருந்துப் பாட்டிலில் இருப்பதைப் படிக்கத் தெரியும் என்று அந்த வேலை என்னிடம் வந்தது. கம்பவுண்டர் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னார். ஒரு வாரம் கத்தரிக்காயாகக் குத்தினேன். அதற்குப் பிறகு உங்களை.

முதல் நாள் என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நீ நடுங்கு, நானும் நடுங்குறேன். ரெண்டு பேரும் சேர்ந்து நடுங்கினா ஊசி நேராப் பூடும்." அன்றைக்குத்தான் எனக்கு உங்களிடமிருந்த பயம் போனது. அந்த இடத்துக்கு வேறொரு பயம் வர அதிக நாள் ஆகவில்லை.

தினம் ஒரே வேலை. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். குளிர்ச்சிக்காக ஈர மணல் நிரப்பின சட்டியில் புதைத்து வைத்திருக்கும் மருந்துப் புட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்ட வேண்டும். அதற்கு முன்னால், உங்கள் சிறுநீரை நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஊசி ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். ஊசி போட்டு, நீங்கள் இரண்டு இட்லி சாப்பிட்டு, கை கழுவ எழுந்தீர்கள். கொல்லைக் கதவுகூடப் போகவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், அவிழ்த்துப் போட்ட புடவை போலக் கீழே சரிந்தீர்கள். முகம் வெளுத்து, உதட்டில் ரத்தமே இல்லை. நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டுத் தறி நின்றது.

"சர்க்கரை இறங்கிப் போயிருக்கும். உடனே சர்க்கரைத் தண்ணி குடும்மா" என்று கம்பவுண்டர் சொல்லிவைத்திருந்தார். கரைத்து வாயில் ஊற்றினேன். கண்ணைத் திறந்தீர்கள். அன்றைக்கு அந்தச் சர்க்கரைத் தண்ணீரை நான் கும்பிடாத குறை.

அதன் பிறகு அது வழக்கமானது. ஊசி போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் எழுந்தால் விழுவீர்கள். நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன். மறுநாள் காலையில் செங்கல் நிறம். டாக்டரிடம் போய்ச் சொன்னால், சர்க்கரை அடங்கவில்லை என்று மருந்தின் அளவை ஏற்றினார். ஏற்றின பிறகு விழுவது அதிகமானது. நான் இன்னும் சர்க்கரை கொடுத்தேன். மறுநாள் இன்னும் சிவப்பு. கண்ணைக் கட்டிச் செக்கில் விட்ட மாதிரி நாம் சுற்றினோம். தினம் காலையில் புட்டிக்குள் ஊசியை நுழைக்கும்போது, இன்றைக்கு விழுந்தால் எழுந்திருக்க மாட்டீர்களோ என்றுதான் தோன்றும். நீங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள். ஊசி போட்டதும் உதடு மட்டும் மந்திரம் முணுமுணுக்கும்.

பிறகு தெருவில் விழுந்தீர்கள்.

எதிர்வீட்டுக்காரர் அன்று தெருநீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார். அரக்கு நிறப் பட்டு இழைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக் கட்டி, கஞ்சி காய்வதற்குள் கோதிக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்டு முக்கால் மணி ஆகியிருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் கீரைக்காரி குரல் கேட்டு நீங்கள் எழுந்து போயிருக்கிறீர்கள். நான் ஓடிவந்து பார்த்தபோது நீங்கள் அந்தப் பாவின் மேல் குறுக்கே விழுந்து கிடந்தீர்கள். இழைகள் அறுந்து உங்கள் கழுத்தில், கையில் எல்லாம் சுற்றியிருந்தன. நெற்றியில் அடிபட்டு ரத்தம்.

எதிர்வீட்டுக்காரர் மனைவி தெலுங்கில் ஏதோ சொல்லி அலறினாள். அவர் மண்டியிட்டு உங்கள் தலையைத் தூக்கினார். நான், "உங்க பாவு... ஐயோ, உங்க பாவு..." என்று உளறினேன். "நூலு அறுந்தா முடிஞ்சிக்கலாம்மா, நீ மொதல்ல அம்மாவப் பாரு" என்றார். பாதித் தெரு கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு பொம்பளைக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தெனம் ஊசி போட்டவுடனே இப்படித்தான் விழறாங்களாம். மருமவதான் போடறாளாம்."

யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். அன்றெல்லாம் எதிர்வீட்டில் அறுந்த இழைகளை ஒன்றொன்றாக முடிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் குரல்தான் காதில் திரும்பத் திரும்ப ஓடியது.

செய்தி கேட்டு வந்தவாசியிலிருந்து நாத்தனார் வந்துவிட்டார். உங்கள் மூத்த மகள், உங்கள்மேல் உயிர். நெற்றிக் கட்டைப் பார்த்து அழுதார். அப்புறம் அவருடைய கண் மருந்துப் புட்டியின்மேல் போனது.

"இது எதுலருந்து எடுக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு? எங்க ஊர் டாக்டர் சொன்னாரு. மாட்டு வயித்துலருந்து, பன்னி வயித்துலருந்து எடுக்கறதாம். எறும்பு மிதிக்காத மனுஷிக்கு அதை ஏத்திக்கினு இருக்கற நீ. அந்தப் பாவந்தான் எங்க அம்மாவைத் தினம் தள்ளி வுடுது!"

எனக்கு ஏற்கெனவே தெரியும், அத்தை. புட்டியோடு வந்த தாளில் படித்திருந்தேன். உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் பதில் பேசாமல் நின்றதிலேயே நாத்தனாருக்கு அது புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் ஊசியோடு வந்தபோது வழக்கம்போலப் புடவையை ஒதுக்கித் தொடையைக் காட்டினீர்கள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

அன்று அந்தக் குழலில் மருந்து இல்லை.

ஆறவைத்த வெந்நீரை ஏற்றி வந்திருந்தேன். அதைச் செய்யவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. கை புட்டியிடம் போகவில்லை, அவ்வளவுதான். நீங்கள் என் கையால் செத்துப்போவீர்கள் என்று அவ்வளவு உறுதியாகப் பயந்திருந்தேன். தெரு என்னைக் கொலைகாரி என்று சொல்லும். உங்கள் மகனே ஒருநாள் அப்படிப் பார்ப்பார். எனக்கு அப்போது இரண்டு மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு தண்ணீரை ஏற்றினேன்.

அன்று நீங்கள் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. நாத்தனார் சந்தோஷமாக ஊருக்குப் போனார். எனக்கு இரண்டு நாள் நல்ல தூக்கம் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தீர்கள். நான் சிறுநீரை நீல மருந்தில் காய்ச்சிப் பார்க்காமல் கொல்லையில் ஊற்றிவிட்டு, "பச்சை" என்று உங்கள் மகனிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் நீங்கள் படுக்கையைவிட்டு எழவில்லை. ஆறாம் நாள் குடித்த கஞ்சி தங்காமல் வாந்தி எடுத்தீர்கள். நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டீர்கள்.

மருந்து போட்டாலும் கொல்கிறேன், போடாவிட்டாலும் கொல்கிறேன். கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் மணலில் இருந்து புட்டியை எடுத்தேன். எடுத்து முழு அளவையும் போட்டேன்.

உங்களுக்கு எழத் திராணி இல்லாததால் அடுத்த மூன்று நாளும் படுத்தே கிடந்தீர்கள். தினம் ஊசி போட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வெளுக்கும், கண் செருகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதே மருந்து, அதே அளவு. மூன்று நாளில் முகம் தெளிந்தது, வாந்தி நின்றது. நான்காம் நாள் காலை ஊசி போட்டு, கஞ்சி குடித்து, "கொல்லைக்குப் போய்ட்டு வரேன்" என்று எழுந்தீர்கள். இரண்டு அடி. அப்படியே சரிந்தீர்கள். நான் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்கவைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு ஓடினேன். மூடியைத் திறக்கவில்லை, அதற்குள் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "இன்னாமா ஆச்சு? திரும்ப விழுந்துட்டனா?"

டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். சர்க்கரை இன்னும் உங்கள் வாய்க்குப் போகவே இல்லை. எதனால் தெளிந்தது? படுத்ததால் தெளிந்திருக்கிறது. இத்தனை நாளும் நான் சர்க்கரை கரைத்துக் கொண்டுவருவதற்குள் நீங்கள் தரையில் படுத்துத்தானே கிடந்தீர்கள்! மூன்று நாள் படுத்தே இருந்தபோது ஒன்றும் ஆகாததும் நினைவுக்கு வந்தது. 

எதிர்வீட்டு அம்மாவை உங்களோடு உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். தண்ணீர் ஊசியைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். உளறுகிறாள் என்று துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நின்னா விழறாங்க, படுத்தா சரியாயிடுது. நல்லாப் பார்த்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "நாளைக்குக் காலைல நான் வந்து பாக்கறேன். நான் வர்ற வரைக்கும் ஊசி போடாத" என்றார்.

மறுநாள் அவர் பிரஷர் பார்க்கும் பெட்டியோடு வந்தார். உங்கள் மகனும் அன்று வேலைக்குப் போகவில்லை. ஊசிக்கு முன்னால் படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். பாதரசம் நின்றபோது கொஞ்சம் இறங்கியது. பிறகு என்னை ஊசி போடச் சொன்னார். முக்கால் மணி நேரம் நாம் எல்லோரும் காத்திருந்தோம். மறுபடி படுத்த நிலையில் பார்த்தார். நூற்றைம்பது பக்கம் இருந்தது. "இப்போ எழுந்து நில்லுங்கம்மா. பயப்படாதீங்க, பிடிச்சிருக்கோம்" என்றார். உங்கள் மகன் ஒரு தோளை, நான் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டோம்.

அவர் காற்றை விட, பாதரசம் இறங்கிக்கொண்டே போனது. காதில் வைத்த குழாயோடு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தொண்ணூறையும் தாண்டி இறங்கியது. "படுக்க வைங்க, படுக்க வைங்க" என்று அவசரமாகச் சொன்னார். படுத்ததும் உங்கள் உதட்டில் நிறம் திரும்பியது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். மத்தியானம் சொல்லியனுப்பினார், சர்க்கரை கொஞ்சமும் குறையவில்லை, அதிகமாகத்தான் இருக்கிறது என்று.

சாயங்காலம் வந்து உட்கார்ந்து அவர் விளக்கினது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நாம எழுந்து நின்னா உடம்புல இருக்கற ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். நரம்பு உடனே ரத்தக்குழாய்ங்கள இறுக்கிப் பிடிச்சி அதை மேல அனுப்பும். இவங்களுக்குப் பதினஞ்சு வருஷச் சர்க்கரையில கால் மட்டும் மரத்துப் போகல, அந்த நரம்புங்களும் மரத்துப் போச்சு. இந்த மருந்து சர்க்கரைய இறக்கறதோட, ரத்தக்குழாய்ங்களையும் கொஞ்சம் தளர்த்தி விடுது. உனக்கோ எனக்கோ போட்டா நரம்பு சமாளிச்சிக்கும், தெரியவே தெரியாது. இவங்களுக்குச் சமாளிக்க ஆளில்ல. நின்னவுடனே மூளைக்கு ரத்தம் போறதில்ல." பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னார். "அது தெரியாம நான் மருந்தை ஏத்திக்கினே போயிட்டேன். என் தப்புதாம்மா."

ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

நீங்கள் சுவரில் சாய்ந்தபடி கேட்டீர்கள். "அப்போ இது பாவத்தால இல்லையா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ரத்தம் கீழ இறங்கறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"இது மாட்டுலருந்து எடுக்கறதா?"

அவர் தயங்கினார். என்னைப் பார்த்தார். "ஆமாம்மா. இதுதான் இருக்குது. வேற வழி இருந்தா சொல்லுவேன்."

 உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் மறுத்துவிடுவீர்கள் என்றே நான் நினைத்தேன். உண்ணாமல் இருந்து உயிரைவிடுகிற வழி நம் வீடுகளில் இருக்கிறது, அது எனக்கு நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சொன்னீர்கள். "அந்த ஜீவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் டாக்டர். எனக்கு இன்னும் உசுரோட இருக்க ஆசையா இருக்குது. மருமக முழுகாம இருக்கறா."

நான் யாரிடமும் சொல்லாதது. உங்கள் மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை! எப்படித் தெரியும் என்று பிற்பாடு கேட்டதற்கு, "நான் படுத்துக்கினு இருந்தேன், கண்ணு தெரியாம இல்லையே" என்றீர்கள்.

மருந்து நிற்கவில்லை. அளவைக் குறைத்து இரண்டு வேளையாகப் பிரித்தார். ஊசி போட்டால் ஒன்றரை மணி நேரம் படுக்கைதான், சாப்பாடும் சாய்ந்தபடியே. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். பழைய வேட்டியைக் கிழித்துப் பாதத்திலிருந்து முழங்கால்வரை இறுக்கிச் சுற்றினோம். உப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். எழுந்திருப்பது ஒரு பெரிய வேலையானது. முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு உட்கார வேண்டும், காலைத் தொங்கப்போட வேண்டும், நூறு எண்ண வேண்டும், அப்புறம்தான் நிற்க வேண்டும். நீங்கள் எண்ண மாட்டீர்கள், மந்திரத்தை நிதானமாகச் சொல்வீர்கள். அது முடியும்வரை நான் எதிரில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு நாளும் அந்த முதல் நிமிஷம் எனக்குப் பயம்தான். பழகவே இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்தீர்கள், நல்லவேளையாக என் கையில்.

ஏழாம் மாதம் என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக வந்தார்கள். நான் இல்லாதபோது ஊசி யார் போடுவது? "நானே போட்டுக்கறேன், சொல்லிக் குடு" என்றீர்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைவிட நிதானமாக மருந்தை ஏற்றி, தொடையில் குத்தி, மெதுவாக அழுத்தி எடுத்தீர்கள். குத்தின இடத்தைத் தடவிக்கொண்டே, ஏதோ சமையலைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னீர்கள்.

"எரியவே இல்ல பாரு. அந்த ஆறு நாளுதான் எரிஞ்சிது."

 கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி போட்டா எரியும்போல. மொத நாளே தெரிஞ்சிது."

"அத்தே... ஏன் கேக்கல? ஏன் சொல்லல?"

"கேட்டா மருந்தைப் போட்டிருப்ப. போட்டா விழுவேன். எனக்கும் பயந்தாம்மா. விழாம ஒரு நாள் இருந்தாப் போதும்னு இருந்துச்சு." ஊசிக்குழலை என்னிடம் நீட்டினீர்கள். "நீ எனக்குத் தெரியாம பயந்த, நான் உனக்குத் தெரியாம பயந்தேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைக் கொன்னிருப்போம். இனிமே பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லிடணும். நீயும் சொல்லு, நானும் சொல்றேன்."

நான் உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீங்கள் என் தலையில் கை வைத்திருந்தீர்கள். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை.

பேரன் பிறந்ததைப் பார்த்தீர்கள். அவன் பள்ளிக்கூடம் போனதையும் பார்த்தீர்கள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினீர்கள். "இன்னிக்கு எழுந்திருக்கப் பயமா இருக்குது" என்று சில நாள் நேராகச் சொல்வீர்கள். அன்றைக்கு எழுந்திருக்க மாட்டீர்கள், நானும் வற்புறுத்த மாட்டேன். நான்கூட ஒருமுறை, பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, உங்களிடம் வந்து, "பயமா இருக்குது அத்தே" என்றேன். நீங்கள் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டீர்கள்.

எட்டு வருஷம் அப்படிப் போனது. அன்று காலை நான் ஊசிக்குழலைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கூப்பிட்டீர்கள். குரல் வேறு மாதிரி இருந்தது. வந்து பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, கை நெஞ்சில் இருந்தது. ஊசி இன்னும் போடவில்லை. நீங்கள் எழுந்திருக்கவும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, இது மருந்தும் இல்லை, நிற்பதும் இல்லை. உங்கள் மகன் டாக்டரைக் கூட்டிவர ஓடினார்.

"பயமா இருக்குதும்மா" என்றீர்கள்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகாது, டாக்டர் வந்துவிடுவார், மந்திரத்தைச் சொல்லுங்கள், இப்படி எதையாவது. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து உங்கள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எனக்கும் பயமா இருக்குது அத்தே" என்றேன்.

"ம்ம். அப்ப சரி" என்றீர்கள். கையைத் தேடிப் பிடித்துக்கொண்டீர்கள். டாக்டர் வரும்போது அந்தப் பிடி தளர்ந்திருந்தது.

அதன் பிறகு நான் பயப்படாமல் இருந்த நாள் குறைவு. உங்கள் மகன் போனபோது பயந்தேன், தனியாக இந்த வீட்டில் இருக்கப் பயந்தேன், இப்போது என் காலும் மரத்துப்போகத் தொடங்கியிருக்கிறது, அதற்கும் பயப்படுகிறேன். தைரியம் எனக்கு வரவில்லை, நீங்களும் அதை எனக்குத் தந்துவிட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு பயத்தையும் நான் உள்ளே வைத்துப் பூட்டவில்லை. யாராவது ஒருவரிடம் போய், வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் ஆறுதலாக ஏதேதோ சொல்கிறார்கள். நல்லவர்கள்தான். எனக்குத்தான் "அப்ப சரி" என்று உங்கள் குரல் கேட்க வேண்டியிருக்கிறது. அது கேட்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அப்புறம் ஆக வேண்டியதைப் பார்க்கப் போகிறேன்.